மார்கிரட் அக்காவின் பங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்றைக்குக் காரியத்தைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மொழிபெயர்க்க இருத்தினால் மொழிபெயர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? என் வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது. பதினொரு வருடமாக, பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாறி விற்கிற வாய் அது.

நான் கஜனி. கடையின் முன்பக்கம் என்னுடையது. திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. அங்கே பிளவுஸ் தைப்பவர் மார்கிரட் அக்கா. மன்னாரில் இருந்து கலியாணம் கட்டி வந்தவர். வந்த புதிதில் விடியற்காலையில் அலுவலகங்கள் துடைத்தார். பிறகு இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தார், பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. கணவர் வின்சன்ற் அண்ணைக்கு உணவகச் சமையலறையில் வேலை, வீடு புறநகர் ஸ்தேனில். ஒரே பிள்ளை றொஷானி.

ஒரு பெண் கடைக்குள் நுழைந்து நாலு அடி வைப்பதற்குள், திரை இடுக்கால் பார்த்தே அவளுடைய தோளளவு மார்கிரட் அக்காவுக்குத் தெரிந்துவிடும். முன்பக்கத்தில் நான் அளவு நாடாவை எடுப்பது வாடிக்கையாளரின் மனத்திருப்திக்கு. அப்படித் தைத்த பிளவுஸில் முதலாளி கடையின் பெயர்த்துணியை வைத்துத் தைக்கச் சொல்லுவார். "வடிவாய் இருக்கு, எங்கை தைச்சது?" என்று யாராவது கேட்டால் நான் கூசாமல் "சென்னையிலையிருந்து வந்த தையல்" என்பேன். திரைக்குப் பின்னால் மெஷின் ஒரு கணம்கூட நிற்காது.

"உங்களுக்குக் கோவம் வராதே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆர் தைச்சா என்ன, பொருந்தினாச் சரிதானே" என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது.

றொஷானிக்கு இருபத்தொரு வயது. சென் தெனி பல்கலைக்கழகத்தில் படமும் ஒளிப்பதிவும் படிக்கிறாள். தாய் தமிழில் கேட்டால் மகள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் அது ஒரே மொழி மாதிரித்தான். போன வருடம் ஒக்ரோபரில் ஒரு கமராவைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். அவள் எடுக்க நினைத்த படம், வெட்டுத்துணியில் மிஞ்சிய ஒரு சட்டைக்கை தன்னுடைய சட்டையைத் தேடி லா சப்பல் முழுக்க அலைகிற கதை. மேம்பாலத்து மெட்ரோவுக்குக் கீழே நடக்கிறது, வதிவிட அட்டை கொடுக்கிற பிரிபெக்சரில் வரிசையில் நின்று நம்பர் எடுக்கிறது. சட்டைக்கையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் இம்மியளவு நகர்த்தி இன்னொரு படம். நாலு நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் படங்கள். ஐந்து மாதம், ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் பூசை முடிந்து தாயும் மகளும் கடைக்குள் கிடந்தார்கள். கடைப்பூட்டின் திறப்பு என்னிடம் இருந்ததால் நானும் கிடந்தேன். அவர்கள் பிடித்த சண்டைக்கு நான் சாட்சி.

அந்தப் படத்தை வைத்துத்தான் றொஷானி சீனாவுக்கு விண்ணப்பித்தாள். செங்டு நகரத்தில் மாணவர்களே நடத்துகிற ஒரு கலைக்கூடம். பல நாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒரு வருடம் ஒன்றாக இருந்து படமும் ஓவியமும் செய்வார்கள். புது ஆளை எடுப்பதும் அவர்கள்தான். ஐந்நூறு பேரில் வடிகட்டி ஆறு பேரைக் கடைசிச் சுற்றுக்கு எடுத்திருந்தார்கள். இருந்தது ஒரே ஓர் இடம். அந்தக் கடைசிச் சுற்றில் விண்ணப்பித்தவளிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவளோடு சேர்ந்து வேலை செய்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காணொளியில் பேசுவார்கள். அவள் அந்த அறையில் இருக்கக்கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. அதனால் மொழிபெயர்க்க நான்.

மே மாதம், வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, றொஷானியை எதிர்த் தேநீர்க்கடைக்கு அனுப்பினோம். நகத்தைக் கடித்துக்கொண்டு போனாள். மார்கிரட் அக்கா பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கழுத்துச் செபமாலையைப் பிடித்தபடி தையல் மேசையில் உட்கார்ந்திருந்தார். கணினித் திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த லின் என்ற சீனப் பெண் அழகாகப் பிரெஞ்சு பேசினாள்.

"இந்தப் படத்தில் உங்கள் பங்கு என்ன?" என்பதுதான் முதல் கேள்வி.

மார்கிரட் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் ஒண்டும் செய்யேல்லை. எல்லாம் பிள்ளைதான் செய்தவள்."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒரு பிள்ளையைப் பற்றி வெளி ஆள் விசாரித்தால், கலியாணப் பேச்சோ வேலையோ, நாங்கள் இப்படித்தான் சொல்லுவோம். தானாகப் படித்தவள், தானாக முன்னுக்கு வந்தவள், ஒருவரும் கைகொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எங்களிடம் இல்லை. மார்கிரட் அக்கா ஒன்று சொல்ல, நான் அதற்குமேல் மூன்று போட்டேன். "சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாரிடமும் உதவி கேட்கமாட்டாள். யாராவது குறுக்கே வந்தாலும் விடமாட்டாள். தனி ஆளாக நின்று செய்து முடிப்பாள்" என்று என் மிகச் சிறந்த பிரெஞ்சில் எடுத்துவிட்டேன்.

லின் எதையோ எழுதினாள். "அப்படியென்றால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யவில்லை?"

"இல்லை, இல்லை" என்று மார்கிரட் அக்கா பெருமையாகத் தலையாட்டினார். லின் நன்றி சொன்னாள். பத்து மணிக்குக் கடைசி ஆளின் நேர்காணல், அது முடிந்ததும் முடிவு வரும், பத்து மணிக்குள் ஏதாவது சேர்க்க இருந்தால் எழுதுங்கள் என்றாள். பதினைந்து நிமிடம் என்று சொன்னவர்கள் ஆறாம் நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வெட்கக்கேடு.

றொஷானி ஓடி வந்தாள். "என்ன கேட்டார்கள்? என்ன சொன்னீர்கள்?"

நான் ஒரு வார்த்தை விடாமல் ஒப்புவித்தேன். நான் சேர்த்த மூன்றையும் சேர்த்து.

அவளுடைய முகம் வெளிறிவிட்டது. "அன்ரி, அந்தக் கூடத்தில் யாரும் தனியாகக் கையெழுத்து வைப்பதில்லை. தனியாக வேலை செய்கிற ஆளை அவர்கள் எடுப்பதே இல்லை. இன்றைக்கு அவர்கள் பார்க்க வந்தது அதை மட்டும்தான்."

அட அறிவுகெட்டவளே, கஜனி! சேர்ந்து வேலை செய்தவரைக் கூப்பிட்டு எதற்குப் பேசுகிறார்கள் என்று ஒரு கணமாவது யோசித்தாயா?

றொஷானி தாயைத் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பிரெஞ்சில் சொன்னாள். "நான் போகக்கூடாது என்பதற்காகத்தானே அப்படிச் சொன்னாய்? வேணும் என்றுதான் சொன்னாய்."

பத்தொன்பது வருடம் பின்னறையில் இருந்தாலும் அந்த அளவு பிரெஞ்சு மார்கிரட் அக்காவுக்கு விளங்கும். செபமாலையில் இருந்த கை கீழே இறங்கியது. "மாதாவே" என்றார். றொஷானி நிலத்தில் துணிக்குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மணி ஒன்பது இருபத்தைந்து.

"கஜனி, அவைக்குத் திரும்பக் கோல் எடு" என்றார் மார்கிரட் அக்கா.

எடுத்தேன். ஒருவரும் இல்லை. "பிழையாகச் சொல்லிவிட்டோம், இன்னும் ஒருமுறை பேசவேண்டும்" என்று எழுதினேன். பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன். ஒன்பது நாற்பது. மேலே மெட்ரோ போகப் போக மேசையில் இருந்த ஊசிப்பெட்டி நடுங்கியது. தேங்காய் உடைக்கட்டே, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தட்டே என்று எனக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் திரையில் லின்னின் முகம் வந்தது.

"ஏழு நிமிடம் இருக்கிறது" என்றாள். "றொஷானி பேசக்கூடாது."

றொஷானி திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். சீலைக்குக் கீழே அவளுடைய சப்பாத்து தெரிந்தது.

மார்கிரட் அக்கா தொண்டையைச் செருமினார். "பிள்ளைதான்..." என்று தொடங்கினார்.

மேசைக்குக் கீழே காலால் ஓர் உதை விட்டேன். "அக்கா! உங்கடை பங்கைச் சொல்லுங்கோ. நீங்கள் செய்ததைச் சொல்லுங்கோ."

அவர் அளவு நாடாவைச் சுருட்டினார், விரித்தார், திரும்பச் சுருட்டினார். "நான் செய்தனான்" என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒருபோதும் தேவை வந்ததில்லை. சொன்னால் மகளுடைய பெயரில் இருந்து பிய்த்து எடுப்பதாக நினைத்திருப்பார். ஒரு நிமிடம் வீணாகப் போனது. பிறகு மேசை லாச்சியைத் திறந்து அந்தச் சட்டைக்கையை எடுத்தார். மயில்நீலப் பட்டு, ஓரத்தில் தங்கக்கரை. கமராவுக்கு முன்னால் வைத்தார்.

"இதுக்குள்ளை மெல்லிய கம்பி இருக்கு. நான் வைச்சது. கம்பி இல்லாட்டி இது எழும்பி நிக்காது." விரலால் உள்தையலைப் பிரித்துக் காட்டினார். "அவள் மணிக்கட்டுப் பக்கத்தை முன்னுக்கு வைச்சு நடத்தினவள். நான் சொன்னன், விசரே, தோள்தான் முன்னுக்குப் போகும், பின்னாலைதான் மணிக்கட்டு வரும் எண்டு. கேக்கேல்லை. மூண்டு ஞாயிறு சண்டை. எடுத்த முந்நூறு படத்தையும் அழிச்சம்."

நான் மொழிபெயர்த்தேன். சொன்னதை மட்டும்.

"யார் வென்றது?" என்றாள் லின்.

"நான்" என்றார் மார்கிரட் அக்கா. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். "ஓம். நடக்கிற இடமெல்லாம் நான்தான் நகர்த்தினது. அவள் படம் எடுத்தவள். நான் கெதியாய் நகர்த்தினா என்ரை கையிலை அடிப்பாள்."

"அவள் எங்கே வென்றாள்?"

"முடிவிலை. நான் அதைக் கொண்டுபோய்ச் சட்டையோடை சேர்த்துத் தைப்பம் எண்டனான். அவள் விடேல்லை. மெட்ரோவிலை ஏத்தி அனுப்பிப்போட்டாள். எனக்கு இப்பவும் அது பிடிக்கேல்லை." தங்கக்கரையில் நீட்டிய நூலைக் கிள்ளி எடுத்தார். "ஆனா பார்த்த ஆக்கள் எல்லாரும் அந்த இடத்திலைதான் அழுதவை."

லின் பக்கத்தில் இருந்தவர்களிடம் சீன மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு, "முதலில் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்றீர்கள்?"

"பிள்ளையைப் பற்றி நல்லதாய்ச் சொல்லுறதெண்டா நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. வேறை விதமாய்ச் சொல்லத் தெரியாது."

"பிறகு நான் சேர்த்ததெல்லாம் என்னுடைய கைச்சரக்கு. அவர் சொல்லவில்லை" என்று நானும் ஒப்புக்கொண்டேன். காது சுட்டது.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. லின் திரைக்கு அருகில் வந்தாள். "கடைசிக் கேள்வி. அவள் இங்கே வருவது உங்களுக்கு விருப்பமா?"

இந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என்ன பதில் வந்தாலும் நான் "ஓம்" என்றே மாற்றிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சீலைக்குக் கீழே இருந்த சப்பாத்துக்குத் தெரியும்.

கேட்டேன். மார்கிரட் அக்கா சட்டைக்கையை மடியில் வைத்து நீவினார்.

"இல்லை" என்றார். "விருப்பமில்லை. எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான். ஆனா எடுங்கோ. அவளை எடுங்கோ."

அதை அப்படியே பிரெஞ்சில் வைத்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. லின் தலையசைத்தாள், திரை கறுத்தது.

சீலையை விலக்கிக்கொண்டு றொஷானி வந்தாள். தாயைப் பார்க்கவில்லை. நான் முன்பக்கம் போய், ஏற்கெனவே மடித்திருந்த சாறிகளைத் திரும்ப மடித்தேன். பத்தே கால். பத்து இருபது. கடை திறக்கிறது பத்தரைக்கு. வெளியே ஒரு பெண் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்து, "திறக்கேல்லையோ?" என்றாள். "பொறுங்கோ!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் பயந்து பின்னால் போனாள்.

பத்து இருபத்தேழுக்கு றொஷானியின் கைத்தொலைபேசி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. மார்கிரட் அக்காதான் அதைத் தூக்கி அவளுடைய கையில் வைத்தார். வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு குனிந்து தாயின் மடியில் முகத்தை வைத்துவிட்டாள், தோள் குலுங்கியது. எனக்கு எந்தப் பதில் என்று விளங்காமல் உயிர் போய் வந்தது.

"சொல்லன்டி!" என்று கத்தினேன்.

"எடுத்திட்டினம்" என்றாள். தமிழில்.

நான் கும்பிட்டேன், குதித்தேன், ஒரு முழு அடுக்குச் சாறியைத் தட்டிக் கொட்டினேன். மார்கிரட் அக்கா அசையவில்லை. மகளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்.

"அங்கை இதை ஆர் நகர்த்துறது?"

மேசையில் கிடந்த சட்டைக்கையைத்தான் கேட்டார். றொஷானி தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லை, அம்மா."

காலையில் இருந்து கல்லாக இருந்த மார்கிரட் அக்கா அப்போதுதான் அழுதார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அடக்கமாட்டாமல் அழுதார். மகள் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தமிழையெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

ஷட்டரில் அந்தப் பெண் திரும்பவும் தட்டினாள். இந்தமுறை நான் குனிந்து வெளியே போய், இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று பணிவாகவே சொன்னேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவளாம். போன மாதம் தங்கச்சிக்குத் தைத்தது நல்ல அளவு, சென்னையில் இருந்து வருகிற தையல் என்று சொன்னார்களாம், அதே ஆளிடம் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"சென்னை இல்லை" என்றேன். "உள்ளுக்குத்தான் இருக்கிறா. மார்கிரட் எண்டு பேர். கொஞ்சம் பொறுங்கோ, இப்ப அழுதுகொண்டிருக்கிறா."