சிவப்புப் பொட்டுக்காரர்கள்

பழைய லேப்டாப் விற்கிற கடையில் ஒரு வழக்கம் உண்டு: வாங்கும்போது யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், கேள்வியெல்லாம் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்த பிறகுதான் வரும். நீங்களும் எங்காவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் என்றால் இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் வேலை செய்வது கட்டுகஸ்தோட்டையில், ஜெமீல் நானாவின் கடையில். நானா என்றால் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன். டுபாய் ஆபீஸ்களில் பாவித்துக் கழித்த லேப்டாப்கள் பெட்டி பெட்டியாக வரும். விண்டோஸுக்குக் காசு கட்டினால் விலை ஏறிவிடும். களவாகப் போடுவது ஹராம் என்று நானா ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். அதனால் எல்லாவற்றிலும் லினக்ஸ்தான். போடுவது நான். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், பென்டிரைவைக் குத்தி எந்த பட்டனை அழுத்துவது, எந்த வரியில் நிற்பது என்பதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது. கைக்கு வருவது வாய்க்கு வராது, அதுதான் என் கஷ்டம். ஆள் முன்னால் வந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

மகள் கவிஷாவின் நர்சரி கடைக்கு எதிரே இருக்கிறது. நர்சரி விட்டதும் வந்து என் மேசைக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். பிள்ளையோடு இருக்க விடுகிற வேலை இந்த டவுனில் எனக்கு இன்னொன்று கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பச்சை வேண்டாம்

லினக்ஸில் ஊருக்கொரு வகை இருக்கிறது. எங்கள் கடையில் இரண்டே இரண்டு. கொஞ்சம் நல்ல மெஷினுக்கு மின்ட், கிழட்டு மெஷினுக்கு லுபுண்டு. எது எதற்கு என்று நான் விளக்க மாட்டேன், விளக்கவும் வராது. இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவேன். மின்ட் பச்சையாக இருக்கும், லுபுண்டு நீலமாக இருக்கும். வருகிறவர்கள் சேலை பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் பென்ஷன் எடுத்த பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் தெரிந்தெடுத்தது நல்ல மெஷின். அதில் பச்சைதான் ஓடிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுக்குள்ள பச்சை வந்ததே இல்லம்மா. எங்கப்பா காலத்துல இருந்து எலெக்சனுக்கு எலெக்சன் நாங்க நீலக் கட்சி" என்றார். நிறத்தை மாற்றித் தரலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் பாட்டுக்கு நீலத்தைப் போடச் சொன்னார். நானும் போட்டேன். குதிரைக்குக் கழுதைச் சேணம் கட்டிய மாதிரித்தான், என்ன செய்வது. அப்போதுதான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக் கேட்டார்: "சிவப்புல ஒன்னும் வரலையா? இப்ப அதானே ஓடுது."

லைனில் ஆள் இருக்கா

கடையில் ஒரு லேண்ட் போன் இருக்கிறது. அது அடித்தால் நான்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் மெஷின் வாங்கிய ஒரு அக்கா கோல் எடுத்தார். எழுத்து சின்னதாகத் தெரிகிறதாம், எங்கே போய்ப் பெரிதாக்குவது என்று கேட்டார். எனக்கு அந்த இடம் கண்ணுக்குள் தெரிகிறது. கையும் அங்கே போகிறது. "இந்தப் பக்கமா?" என்று அவர் கேட்கக் கேட்க, நான் போனைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், "ஹலோ, லைன்ல ஆள் இருக்கா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். பிறகு நானாவின் கைப்போனுக்கு எடுத்து முறைப்பாடு சொல்லிவிட்டார். இப்படி அவர் மட்டுமல்ல, பலர்.

நானா கோபப்படுகிற மனிதர் இல்லை. அதுதான் பயம். கோபப்பட்டால் அன்றோடு முடியும், யோசித்துச் சொன்னால் அது தீர்ப்பு. கடையில் மேசை ஒன்று, உட்காரக் கதிரை ஒன்று. இரண்டு பேருக்கு இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கவிஷா கீழே தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னார்: "புள்ள, உங்கட வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா சாமான் வாங்கினவனுக்குப் பேச ஒரு ஆள் வேணும். நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட தங்கச்சிட மகன் வாறான், அவனுக்கு மூணு பாசையும் வாயில ஈக்கி." ஈக்கி என்றால் இருக்கிறது; என் வாயில் ஒரு பாசையும் இல்லை.

அடியில் ஒரு பொட்டு

எனக்குப் பேச வராவிட்டால் என்ன, பேச வருகிறவர்களைப் பிடித்துக் கொடுக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. எங்கள் லேப்டாப்களுக்குள் இருக்கும் வைஃபை கார்ட் இரண்டு விதம். ஒன்று சாது. மற்றது வம்புக்காரன், அதற்குத் தனியாக ஒரு சின்ன புரோகிராம் போட்டால்தான் வேலை செய்யும். கார்டின் பெயர் இலக்கமெல்லாம் இங்கிலீசில் ஒன்று போலவே இருப்பதால் எனக்குக் குழப்பம். ஹேண்ட்பேக்கில் ஒட்டுப்பொட்டு அட்டை எப்போதும் இருக்கும். வம்புக்காரனுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு, சாதுவுக்கு மஞ்சள் பொட்டு என்று ஒட்ட ஆரம்பித்தேன்.

யாராவது ஒரு பிரச்சினையோடு வந்தால் மெஷினைத் திருப்பிப் பார்ப்பேன். சிவப்பென்றால், முன்பு இதே கஷ்டத்தைப் பட்ட இன்னொரு சிவப்புக்காரரைக் கேட்டுவிட்டு அவர் நம்பரைக் கொடுப்பேன். நான் பேச வேண்டியது "இவங்களுக்கும் இதே மெஷின்தான்" என்ற ஒரு வரி மட்டும். அப்படி முதலில் சேர்ந்த சோடி, கலஹா தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற சண்முகம் மாஸ்டரும் மடவளையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானாவும். ஹனீபா நானா மெஷினைத் திருப்பிப் பொட்டைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. அவர் மார்க்கப் பற்றானவர். விரலால் தடவிப் பார்த்தார். காரணத்தை எப்படியோ திக்கித் திணறிச் சொன்னேன். சிரித்துவிட்டார்: "கீழதானே ஈக்கி, இருந்துட்டுப் போகட்டும் புள்ள. மேல ஏறி வந்தா மட்டும் எனக்குச் செல்லுங்க."

மாஸ்டரின் கேள்விப் பேப்பர்

ஒரு பின்னேரம் மாஸ்டர் கலஹாவிலிருந்து பஸ் ஏறி, வியர்த்து வழிய வந்து நின்றார். மறுநாள் தவணைப் பரீட்சை. விண்டோஸில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த தமிழ்க் கேள்விப் பேப்பரை இதில் திறந்தால், இங்கிலீஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. "இதக் கொடுத்தா பிள்ளைங்க என்னா எழுதும்?" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஹனீபா நானா தன் கடை நோட்டீஸை அதே எழுத்தில்தான் அடிக்கிறார், அவருக்கும் போன மாதம் இதே கூத்து நடந்தது. அவருக்குக் கோல் எடுத்து மாஸ்டரிடம் போனைக் கொடுத்தேன்.

ஹனீபா நானாவின் குரல் போனைத் தாண்டிக் கடை முழுக்கக் கேட்டது. எழுத்துக் கோப்பை அனுப்பிவிட்டு, "அங்க இல்ல மாஸ்டர், மத்த பெட்டி, மத்த பெட்டி! நான் செல்றதுக்கு முந்தி ஏன் கை வைக்கிறீங்க?" என்று விரட்டினார். மாஸ்டர் நல்ல பிள்ளையாகச் செய்தார். ஸ்கிரீனில் தமிழ் வந்ததும் கதிரையில் சாய்ந்து, போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "இத்தனை வருசமா நான்தான் மத்தவங்கள அதட்டிக்கிட்டு இருந்தேன். அதட்டு வாங்கிப் பாத்தா நல்லாத்தாங்க இருக்கு."

யார் முதலில்

அந்த இருவரும் சேர்ந்து 'சிவப்புப் பொட்டு' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். சிவப்பு வாங்குகிற ஒவ்வொருவரையும் நான் அதில் சேர்த்துவிடுவேன். கண்டியில் பாங்கில் வேலை செய்யும் தர்ஷினி மிஸ், யாழ்ப்பாணத்தவர், வந்தார். தெல்தெனியவில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கும் ராமு அண்ணன் வந்தார். அப்படியே பெருகியது. அங்கே ஒரு சட்டம். அப்டேட் வந்தால் எல்லோரும் ஒரேயடியாகப் போடக் கூடாது. குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி ஒருவர் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகுதான் மற்றவர்கள்.

சட்டம் நல்ல சட்டம்தான். உப்புப் பார்க்கத்தான் ஆளில்லை. பெருநாளுக்கு முன் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. மாஸ்டர் போடட்டும் என்று ஹனீபா நானாவும், நானா போடட்டும் என்று மாஸ்டரும் மாறி மாறி மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு இருந்தால் மெஷின் கிழண்டு போகும்" என்று மிஸ் எழுதினார். பெருநாளும் போய், கடைசியில் ராமு அண்ணன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய குரல் செய்தி வந்தது: "ஒரு பிரச்சினையும் இல்லைங்க, சும்மா பறக்குது. எல்லாரும் தைரியமா போடுங்க."

திங்கட்கிழமை

எல்லோரும் தைரியமாகப் போட்டார்கள். ராமு அண்ணனைத் தவிர எல்லோருக்கும் வைஃபை போய்விட்டது.

எனக்கு இது தெரியாது. என் போனில் டேட்டா முடிந்திருந்தது. கவிஷாவை நர்சரியில் விட்டுவிட்டுக் கடைக்குள் நுழைந்தால், என் கதிரையில் நானாவின் தங்கச்சி மகன், அந்த மூன்று பாசை மருமகன், உட்கார்ந்திருக்கிறார். பெருநாள் முடிந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானாவின் வீடும் மடவளையில்தான்; விடிகாலை சுபஹு தொழுகைக்குப் போன இடத்தில் ஹனீபா நானா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இன்றைக்குக் கடைக்கு முன்னால் சனம் கூடப் போகிறது, போன் நிற்காமல் அடிக்கப் போகிறது என்று நானா மருமகனைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். நான் அலுமாரியோடு ஒட்டி நின்றேன். மேசைக்குக் கீழே சுருட்டி வைத்த கவிஷாவின் பாய் மருமகனின் சப்பாத்துக் காலில் பட்டுக்கொண்டிருந்தது.

போன் அடிக்கவில்லை. நானா ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார், லைன் இருந்தது. சந்தேகம் தீராமல் மருமகன் தன் கைப்போனிலிருந்து கடைக்குக் கோல் எடுத்தார். அது அடித்ததும் மூன்று பேரும் துள்ளி விழுந்தோம். எடுக்கப் போன நானா, இங்கே இருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

கடைசியில் வந்தது ஒரே ஒரு ஆள், ராமு அண்ணன். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழாத குறை. நடந்ததை அவர்தான் சொன்னார். மெஷின் திறக்கும்போது வருகிற பட்டியலில் அப்டேட்டுக்கு முந்திய பழையதைத் தெரிந்தெடுத்தால் வைஃபை வந்துவிடுகிறது என்று மிஸ் கண்டுபிடித்திருக்கிறார். மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். ஹனீபா நானா மடவளையில் உள்ளவர்களின் வீட்டுக்கே போய்ச் செய்து கொடுத்திருக்கிறார். கடை திறப்பதற்குள் எல்லாம் சரி. "எனக்கு ஒன்னுமே ஆகலையே, நான் பொய்யா சொன்னேன்? எல்லாரும் என்னையப் போட்டு ஏசுறாங்க" என்றார்.

மெஷினை வாங்கித் திருப்பினேன். நான் ஒட்டினால் பொட்டு நடுவில் இருக்கும். இது சரிந்து ஓரத்தில் இருந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு, மூக்கும் வாயும் போல. கவிஷாவின் கைவேலை. உள்ளே பார்த்தேன், கார்ட் சாது. அப்டேட் கெடுத்தது வம்புக்காரனை மட்டும்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த மனிதர் செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கி நிற்கிறார். "அண்ணே, நீங்க மஞ்சள். மகள் மாத்தி ஒட்டிட்டா. அவங்ககிட்ட நான் சொல்றேன்" என்றேன், நானாவின் காதில் விழும்படியே. ராமு அண்ணனின் போனிலேயே குழுவுக்கும் அதைச் சொன்னேன். என் குரலை அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டு ராமு அண்ணனுக்கு வந்த செய்திகளில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் மஞ்சள் பொட்டை எடுத்து ஒட்டப் போனேன், அவர் மெஷினைப் பறித்துக்கொண்டார்: "வேணாம் தங்கச்சி, மாத்தாதீங்க. சிவப்புல பழகிட்டேன்."

நானா லேண்ட் போன் ரிசீவரை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்து வைத்தார். எத்தனையோ பேருக்கு ஒரே இரவில் வைஃபை போயும், கடைக்கு ஒரு முறைப்பாடு இல்லை. பிறகு மருமகனைக் கதிரையிலிருந்து எழுப்பினார். "நீ வாசலுக்குப் போய் வாற ஆக்களோட பேசு வாப்பா. இது அவங்கட இடம்." கால் பட்டு நகர்ந்த பாயைக் குனிந்து அவரே சரியாக வைத்தார். என் பக்கம் திரும்பாமலேதான் சொன்னார்: "புள்ள, குழுவில இனி நிறையப் பேச வேணாம். நீங்க பேசப் பழகிட்டா இவனுகள் எல்லாம் திரும்ப இங்கதான் வந்து நிப்பானுகள்."

ஆக, வாயால் பிழைக்கிற இந்த ஊரில், யாரிடம் கேட்பது என்று கை காட்டிவிட்டுச் சும்மா இருப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.