ஃப்ளாஷ் பிடித்தவனின் படம்

மணி போய்விட்டான்.

இன்று காலை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன்... ஆட்டோ வலியசாலைத் தெருவைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள்.

நான் இங்கே போடும் கல்யாணப் படங்களைப் பார்க்கிற உங்களில் பலருக்கு அவனைத் தெரியாது. என் லைட்மேன். ஃப்ரேமுக்கு வெளியே ஃப்ளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவன். பதினொரு வருடமாக என் கூடவே இருந்தவன்.

பத்து மணிக்கு அவன் மனைவி சுமதி கூப்பிட்டாள். "அண்ணா, பேப்பருக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஒரு ஃபோட்டோ வேணும். இங்க ஆதார்ல உள்ளது மட்டுந்தான் இருக்கு, அது அவரப் போலயே இல்ல. உங்ககிட்ட நெறைய உண்டுல்லா?"

உண்டு என்று சொல்லிவிட்டு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன்.

ஆரம்பத்தில் விழிஞ்ஞத்தில் ஒரு ஜோடியை எடுத்தோம். சாயங்கால நேரம், பின்னால் கடல். எதுவும் யோசிக்காமல் ஃப்ளாஷை ஃபுல் பவரில் அடித்தோம். இரண்டு பேர் முகமும் மாவு பூசினதுபோல் வெளுத்து, பின்னால் கடலும் இல்லை, வானமும் இல்லை... ஒரே கருப்பு.

பெண்ணின் அப்பா படங்களைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்க வீட்டு கார் ஷெட்டே மதியே, அதே போதுமே சாரே. கடல் எங்க?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பப் போனோம். ஃப்ளாஷை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பெண் நின்ற இடத்தில் மணி நின்றான்.

முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் வானத்தைச் சரிசெய்தோம். பிறகு முகத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஃப்ளாஷ், கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு க்ளிக்குக்கும் "லே, இப்ப கடல் உண்டா?" என்று அங்கிருந்து கத்துவான்.

அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. பெண்ணுக்குப் புடவை என்ன கலர் என்று முந்தின நாளே கேட்டு, அதே கலரில் ஒரு துணி கொண்டுவருவான். முக்காடு போட்டுக்கொண்டு, அந்தப் பெரிய மீசையோடு வெட்கப்பட்டு நிற்பான்.

கழக்கூட்டம் ஊரில் ஐடி வேலை பார்க்கிற ஒரு கல்யாணப் பெண் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்மை கலைந்து, மேக்கப் அக்கா எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

எனக்கும் கோபம் வரும். "லே, வெளிச்சம் போகுது, ஒழுங்கா நில்லு."

"நான்தாம்லே இப்ப கல்யாணப் பொண்ணு. மரியாதையா பேசு."

லைட் சரியானதும் நகர்ந்துவிடுவான். பெண் வந்து நிற்பாள். கார்டில் இடம் வேண்டுமே என்று அவன் படங்களை நான் அங்கேயே டெலீட் செய்துவிடுவேன். பதினொரு வருடம்... ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பாவி நான்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை. கடைசியாக, கேமராவுக்குள் கிடந்த கார்டைப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம், இன்னும் காப்பி செய்யாதது. அவசரத்தில் டெலீட் செய்ய மறந்த மூன்று படங்கள்.

முதல் படத்தில் ஃப்ளாஷ் இல்லை. வானம் அருமை, மணியின் முகம் இருட்டு. தோளில் பச்சைத் துணி.

இரண்டாவதில் ஃப்ளாஷ் அதிகம். நெற்றி வெளுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவதில் லைட் அவ்வளவு சரி. வானமும் இருக்கிறது, ஆள்மேல் விழவேண்டிய வெளிச்சமும் இருக்கிறது. ஆள்தான் இல்லை. ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும்.

முதல் படத்தையே முடிந்தமட்டும் பிரைட் செய்து அனுப்பினேன். துணியை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்ணா, இருக்கட்டு. இது அவருதான். இது மதி" என்றாள் சுமதி.

நான்கு மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

மக்கா... அந்த மூணாவது படத்துல, ஒரு செகண்டு நகராம நின்னிருக்கலாம்லே.