அவள் உயரம் என்று சொன்னேன்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆறு வருடம் பாடம் எடுத்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பதின்மூன்று பெஞ்சுகள். திங்கட்கிழமை காலையில் முன்வரிசை கடைசிக்குப் போகும், மற்றவர்கள் ஒரு வரிசை முன்னால் நகர்வார்கள். இதில் பெரிய கல்வித் தத்துவம் எதுவும் கிடையாது. கடைசி வரிசைக்கு மின்விசிறிக் காற்று வராது. வெளியே ஜெனரேட்டர் ஓடினால் நான் பேசுவதும் கேட்காது. அந்தக் கஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

போன வருடம் முதல் பருவத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியை ஒரு சார்ட்டைக் கையில் கொடுத்தார். இனி யார் எங்கே உட்கார வேண்டும் என்று அதில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. மதிப்பெண் வரிசைப்படி என்று மேலே எழுதியிருந்தார்கள். படித்துப் பார்த்தேன். கடைசி இரண்டு பெஞ்சிலும் சேர்த்து ஆறு பேர். ஆறு பேருமே அரசு ஒதுக்கீட்டில் இலவசமாகச் சேர்ந்த பிள்ளைகள். அதில் ஒரு பெண் கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது.

"மார்க்படின்னு போட்டிருக்கு மேடம். இந்தப் பொண்ணு முன்னாடில்ல வரணும்?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒரு பேரன்ட் கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்க மிஸ். அவங்க பையன் வீட்ல 'என்ன'ன்றதுக்கு 'இன்னா'ன்னு பேசறானாம். இந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்துதான் கத்துக்கிட்டானாம். அவங்க மட்டும் இல்ல, நாலஞ்சு பேர் கேட்டிருக்காங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

என் அப்பா 'இன்னா' என்றுதான் பேசுவார். நானும் வீட்டில் அப்படித்தான். ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்ததால் வெளியே மாற்றிக்கொண்டேன். இதை எல்லாம் அந்த அறையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சார்ட்டை வாங்கிக்கொண்டு போய் வகுப்புச் சுவரில் ஒட்டினேன்.

அந்தப் பெண்ணின் அம்மா பெருங்களத்தூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலு வீட்டில் வேலை செய்பவர். மகளுக்கு வாய் ஓயாது. நான் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்கிவிடுவாள். கடைசி பெஞ்சுக்குப் போன முதல் இரண்டு நாளும் அங்கிருந்தே எழுந்து நின்று கை தூக்கினாள். மூன்றாம் நாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ உயரமா இருக்க. முன்னாடி உக்காந்தா பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும்ல, அதான்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் முன்வரிசைப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, முதுகோடு முதுகு ஒட்டி நின்று, தலைக்கு மேல் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தாள். மணி அடித்ததும் வந்து சொன்னாள்.

"மொதல் பெஞ்சுல மூணு பேரு என்ன விட ஒயரமா கீறாங்க மிஸ். நல்லா அளந்து பாத்தேன்."

"போய் உக்காரு" என்றேன். என் குரலில் இருந்த எரிச்சல் அவள்மேல் இல்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு அவள் கை தூக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்தேன். பழையபடி வரிசையை மாற்றி உட்கார வைத்தேன். மதியத்துக்குள் தாளாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. "பசங்க நல்ல லாங்வேஜ் பேசணும்னுதானே மிஸ் இங்க சேக்கறாங்க. அந்தப் பசங்களுக்கும் நாம சீட் குடுத்திருக்கோம்ல. எங்க உக்காந்தா என்ன?" என்றவர், நடுவில் சும்மா கேட்பது போல, "உங்களுக்கு எந்த ஊரு?" என்றார்.

"இதே ஊருதான் சார்."

"அப்படியா? பேசினா தெரியலையே." பாராட்டாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"வூட்ல இன்னான்னுதான் சார் பேசிகினு கீறோம்," என்றேன். "அப்ப நானும் கடைசி பெஞ்சுதானே?"

அவர் சிரிப்பு நின்றது. அந்த ஆறு வருடத்தில் அந்த அறையில் நான் பேசிய ஒரே உண்மையான பேச்சு அதுதான்.

மறுநாள் என்னை யு.கே.ஜி.க்கு மாற்றினார்கள். மூன்றாம் வகுப்புக்கு வேறொருவர் வந்தார். அவர் எல்லாப் பாடத்தையும் கோரஸாகச் சொல்ல வைப்பவர். சார்ட் மறுபடி சுவரில் ஏறியது. நான் அந்த வகுப்பைக் கடந்து போகும்போதெல்லாம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் வாய்ப்பாடு கத்துவது கேட்கும். அதில் எது அவள் குரல், அவள் வாயைத் திறக்கிறாளா என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு சாயங்காலம் கேட் அருகே அவள் அம்மாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தில் புகார் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும் மிஸ். நான் வேல செய்ற வூட்டுக்காரம்மாதான் ஸ்கூல்ல சொன்னது. எங்கிட்டயே சொல்லிச்சு, 'தப்பா எடுத்துக்காத'ன்னு. நான் இன்னாத்த சொல்றது? நாளைக்கும் அந்த வூட்டு வாசல்லதான் போய் நிக்கணும்."

வருடக் கடைசியில் அவரே மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். சில மாதம் கழித்து தாம்பரம் மார்க்கெட்டில் இருவரையும் பார்த்தேன். புதுப் பள்ளியில் பாய் விரித்து வட்டமாக உட்கார்கிறார்களாம், டீச்சரும் நடுவில் கீழேயே உட்காருவாராம். மகள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவள் பேசுவதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நல்லதுதானே நடந்திருக்கு, விடு" என்கிறார் என் கணவர். விட முடியவில்லை. ஒரு தப்பும் செய்யாத எட்டு வயதுப் பெண் வெளியே போயிருக்கிறாள். சார்ட் அடித்தவர்கள், கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். காலையில் எட்டரைக்கு யு.கே.ஜி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உதட்டில் விரல் வைக்கச் சொல்கிறேன்.