தலைப்பிரசவம் கோட்டக்குப்பத்தில்

என் அக்கா பிரெஞ்சுக் குடிமகள். நான் இந்தியக் குடிமகள். அப்பா, அம்மா ஒன்றுதான், சந்தேகப்பட வேண்டாம். அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். அது கோட்டக்குப்பம், எங்கள் முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தக் காலத்தில் நடுவே எல்லை. அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி, இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அக்கா அங்கே பிறந்தாள். நான் இங்கே, எங்கள் வீட்டிலேயே.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்தபோது, இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தியர்கள் என்று ஒப்பந்தம். எங்கள் வீட்டில் யார் எழுதிக் கொடுத்தது? எல்லாரும் மில்லுக்கு ஓடிக்கொண்டிருந்தோம். ஆனால் எல்லைக்கு வெளியே பிறந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு, எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக் குடியுரிமை அப்படியே இருந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில், பக்கத்து வீட்டு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், சொல்லித்தான் இது தெரிந்தது. எனக்கு வயிறெரிந்தது, பொய் சொல்வானேன்.

அக்காவுக்கு அதில் ஆசையே இல்லை. புருஷனை இழந்தவள். ஒரே மகன் வேலையில்லாமல் அலைந்தான். அவனைப் பிரான்சுக்குக் கூட்டிப்போக அவள் பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்க வேண்டும். வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள நம் அரசியல் சட்டம் விடாது என்றார் வக்கீல். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

எண்பதுகளில் அம்மா படுத்த படுக்கையானதும் பிரான்சிலிருந்து ஓடிவந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். விசா முடியப் போகிறது என்றதும் நீட்டித்துத் தரச் சொல்லிக் கேட்க ஆபீசுக்குப் போனோம்.

"வெளிநாட்டுக்காரங்க இஷ்டத்துக்குத் தங்க முடியாதும்மா" என்றார் அதிகாரி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், பிரெஞ்சு ஆட்சியில பொறந்தவ நானு. கோட்டக்குப்பத்துல பொறந்தவ இவ. இவளப் போயி வெளிநாட்டுக்காரின்றீங்களே."

அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறந்த ஊர் அதில் இருந்தது. "நீ ஏம்மா அங்க போயி பொறந்த?" என்றார் அக்காவிடம்.

"எங்கம்மாவுக்கு நான் தலச்சன் புள்ளைங்க. அவங்கம்மா ஊட்டுக்குப் போயி பெத்தாங்க" என்றாள் அக்கா. "நானும் எங்கம்மா ஊட்லதாங்க இருக்கணும்னு கேக்கறேன்."

அவர் விசாவை நீட்டிக்கும் முத்திரையை எடுத்தார்.