முதலாளி நிரப்பிய பள்ளம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளி குட்டையானவர், புருவம்வரை கரி படிந்திருக்கும். தினமும் காலையில், வார்ப்புக்குப் பயன்பட்டுத் தீர்ந்த கருமணலைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய், வாசலில் இருக்கும் ரோட்டுப் பள்ளத்தை அவரே நிரப்புவார்.

"வரி கட்றதும் நானு, ரோடு போட்றதும் நானு. அப்புறம் கெவருமெண்டு இன்னாத்துக்கு?" என்பார். அதுவரை எனக்கும் சிரிப்புதான்.

ஒருநாள், "என் வரியெல்லாம் ஓசிச் சோறாப் போவுது. இஸ்கூல்ல சோறு போட்டு சோம்பேறிய வளக்கறானுங்க" என்றார்.

டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு எழுந்தேன்.

"அந்தச் சோத்துக்காகத்தான் சார் எங்க வீட்டுல என்னைப் படிக்க அனுப்பினாங்க."

"அப்ப என் வரியில உருப்பட்டது நீ ஒருத்திதான். உக்காரும்மா" என்று சிரித்தார்.

"உங்க வரி மட்டும் இல்ல சார். கூலி வேலை செய்யற எங்கப்பா வாங்கற தீப்பெட்டியிலயும் வரி கீது."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பள்ளத்தருகே நின்றுகொண்டு கூப்பிட்டார். "நம்ம வரி எங்க போச்சு, பாத்தியாம்மா?"

கோபம் ஆறாமல்தான் எட்டிப் பார்த்தேன். ராத்திரி பெய்த மழையில் மணல் அரித்துப்போய், பள்ளம் பழையபடி வாயைப் பிளந்து கிடந்தது. அவர் 'நம்ம' என்றது என்னை மதித்தா, கேலியாகவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.