ஐந்து மைல் கூட்டிப் போட்டேன்

ரவுண்ட் ராக் ஊரில் அப்போது நம் ஆட்கள் நடத்திய கன்சல்டிங் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு ரெஸ்யூமேயில் ஐந்து வருஷம் என்று போடுவார்கள். என் கையாலேயே எத்தனையோ பேருக்கு அப்படி டைப் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் மாட்டியதில்லை. அந்தத் திமிர் எனக்கு.

என் மகன் இரண்டு வருஷக் காலேஜ் ஒன்றில் பேஸ்பால் ஆடினான். பந்து வீசுகிறவன், இடது கைக்காரன். இரண்டாம் வருஷம் முடிவதற்குள் நான்கு வருஷக் காலேஜ் ஏதாவது அவனைத் தன் டீமுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி. ஆட்டத்தை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவன் அப்பா கேம்கார்டரில் பிடித்ததை டேப் டேப்பாகக் காப்பி எடுத்தார். கூட வைக்கிற விவரத்தாள் என் பொறுப்பு. பந்தின் வேகம் மணிக்கு எண்பத்து நாலு மைல் என்று எழுதிக் கொடுத்திருந்தான். நான் எண்பத்தொன்பது என்று அடித்தேன்.

"அவன்கிட்ட கேட்டியா?" என்றார் இவர்.

"அஞ்சு மைல் கூடப் போட்டா குடியா முழுகிடும்? யாரு வந்து அளக்கப் போறா?"

பதினெட்டு காலேஜ்களுக்குப் போகிற கவர்களையும் நானே தபாலில் சேர்த்தேன்.

மார்ச்சில் ஒரு கோச் போன் பண்ணினார். மூன்று வாரத்தில் நேரில் பார்க்க வருகிறாராம். மகன் வீட்டில் மிச்சமிருந்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அம்மா, திஸ் ஸேஸ் எய்ட்டி-நைன். நான் அவருக்கு கால் பண்ணிச் சொல்லிடறேன்."

"வேண்டாம். பொய் சொன்னவன்னு பேராயிடும். மூணு வாரம் இருக்கே, ட்ரை பண்ணேன்."

மறுநாளிலிருந்து ப்ராக்டிஸ் முடிந்த பிறகும் தனியாக வீசினான். ஃப்ரீஸரில் இருந்த பட்டாணிப் பாக்கெட்டுகள் ஒத்தடத்துக்கு அவன் ரூமுக்குப் போயின. வலது கையால் தலை சீவினான். "கை வலிக்குதாடா?" என்று கேட்டேன். "ஐ யம் ஃபைன்" என்றான். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. பாவி நான்.

மாட்ச் அன்று அந்தக் கோச் வந்து கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வேகம் அளக்கும் ரேடார் கன்னை எடுத்ததும் மகன் அதைப் பார்த்தான். முதல் பந்திலிருந்தே உடம்பையே சேர்த்து எறிந்தான். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்து அவன் கையை விட்டு எங்கோ போனது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மண்டி போட்டான்.

டீமின் ட்ரெய்னர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார். கோச் எங்களிடம் வந்தார். டேப்பில் இவன் போட்ட மெதுவான பந்துகளைப் பார்த்துத்தான் வந்தாராம். குறி தப்பாத இடது கைக்காரன் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

"எண்பத்து மூன்றே எங்களுக்குப் போதும். இன்று ஏன் இப்படி வீசினான்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காருக்கு வந்ததும் ஐஸ் பையை வலது கையால் முழங்கையில் அழுத்திக்கொண்டு நின்றான்.

"அம்மா, கேன் யூ ஓபன் த டோர்?" என்றான்.