சாயங்காலத்துப் புளிசோறு

விழுப்புரம் ஜங்ஷனில் சின்னக்கண்ணு செய்த வேலையை, அந்த வழியாகப் போன ஆயிரம் பேரில் ஒருவர்கூடக் கவனித்திருக்க மாட்டார். பட்டணத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும்தான் கரண்டு கம்பி. அதற்குத் தெற்கே கம்பி கிடையாது. அதனால் தெற்கே போகிற வண்டிகள் இங்கே நின்று, கரண்டு என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டிக்கொண்டு போகும். அந்தக் கழற்றலும் மாட்டலும் சின்னக்கண்ணுவின் வேலை. தண்டவாளத்தில் இறங்கி, என்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே குனிந்து நின்று, கொக்கியை விடுவித்து, குழாயைப் பிரித்து, புது என்ஜின் வந்து முட்டியதும் மறுபடி கொக்கி, மறுபடி குழாய். கொஞ்சம் அசந்தால் கை போய்விடும்.

இதற்கு ரயில்வே கொடுத்திருந்த நேரம் பதினைந்து நிமிஷம். வண்டி நேரத்தோடு வந்தால் யாருக்கும் அவசரமில்லை. லேட்டாக வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரே பிளாட்பாரத்து முனைக்கு ஓடிவந்து, "ஜல்தி, சின்னக்கண்ணு, ஜல்தி!" என்பார். சின்னக்கண்ணு ஏழே நிமிஷத்தில் முடித்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்தபடி மேலே ஏறி வருவார். அந்த ஏழு நிமிஷத்தில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு பெருமை அவருடைய நாக்கு. மனைவி அம்சா கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் சத்துணவுக் கூடத்துச் சமையலில் இருந்தாள். ஐம்பது பிள்ளைகளுக்கு அவள் ஆக்கிப் போட்டாள், கட்டிய புருஷனுக்கு ஆக்கிப் போட ஆளில்லை. அதைப் பற்றி சின்னக்கண்ணுவுக்கு ஒரு குறையும் கிடையாது. ஊரில் இத்தனை அடுப்பு எரியும்போது வீட்டு அடுப்பு ஒன்றையே நம்பியிருப்பானேன் என்கிற கட்சி அவர். காலையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ராஜாமணியின் தள்ளுவண்டி இட்லி. பதினோரு மணிக்கு ஸ்டேஷன் கிழக்கு வாசலில் மசால்வடை, அதுவும் இரண்டாவது ஈடுதான், முதல் ஈட்டில் எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்காது என்பார். ரெஸ்டு நாளில் ஊருக்குப் போகாவிட்டால் திண்டிவனத்துக்கு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகையில் குடல் குழம்பும் இட்லியும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். போக இருபத்திரண்டு மைல், வர இருபத்திரண்டு மைல், நடுவே பன்னிரண்டு இட்லி.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவர் வாயில் பொய் வராது. நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "ராஜாமணி, சட்னியில பொட்டுக்கடலை ஏறிப்போச்சி, பூசற சுண்ணாம்பு மாதிரி கீது" என்று சொல்லி, ராஜாமணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் எட்டாம் நாள் சட்னி சரியாகியிருந்தது. கல்யாணமான புதிதில் அம்சாவிடமும் இப்படி ஒன்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். அதனால் அவர் ஒரு கடையை நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் ரயில்வே காலனியே அங்கே போய் உட்காரும்.

அப்படி அவர் சொன்ன கடை காந்திமதியின் கடை. யார்டு சுவரை ஒட்டி ஓட்டு வீடு, முன்னால் இரண்டு பெஞ்சு. ராத்திரி பெஞ்சு வியாபாரம் சில்லறைதான். பிழைப்பு பகல் வண்டியில். காந்திமதி புளிசோறு கிளறி வாழையிலையில் அறுபது பொட்டலம் கட்டுவாள். அவள் புருஷன் கோதண்டபாணி லைசென்ஸ் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, கூடையோடு பிளாட்பாரத்துக்குப் போய், ஒரு மணிக்கு வருகிற மத்தியான வண்டியில் விற்பான். காந்திமதி சின்னக்கண்ணுவை அண்ணே என்பாள். அந்த முறையில் கோதண்டபாணிக்கு அவர் மச்சான்.

டூட்டி முடிந்து ஏழு மணிக்கு சின்னக்கண்ணு அங்கே போவார். சில நாள் குழம்பு, ரசம். சில நாள் புளிசோறு. அந்தப் புளிசோறுதான் அவரை அடித்துப் போட்டது. புளியும் எண்ணெயும் உப்பும் ஒவ்வொரு பருக்கைக்குள்ளும் இறங்கி, வறுத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பாதி மெத்தென்றாகி, இலை வாசனையும் சேர்ந்து, கையை நக்கினாலும் மணம் போகாது. "மெட்ராசுல கூட இப்பிடி ஊறின புளிசோறு கிடையாது" என்று சிக்னல் கேபினில் உள்ள எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். எந்த நாளில் அது இருக்கும், எந்த நாளில் இருக்காது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கைப்பக்குவம் உள்ளவளுக்குத் தோன்றும்போது செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஒரு படி மேலே போய், தனக்குப் பிடிக்குமென்று செய்கிறாள் என்றும் நினைத்தார்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆனி மாசம். இரண்டு நாள் குழம்பாகவே போய், மூன்றாம் நாள் இலையில் புளிசோறு விழுந்தது. சின்னக்கண்ணுவுக்கு ஒரே உற்சாகம்.

"இன்னா மாப்ளே, ரெண்டு நாளா ஏன் போடலை? தங்கச்சியாண்ட சொல்லி தெனமும் போடச் சொல்லு."

தண்ணீர் வாளியோடு உள்ளே போய்க்கொண்டிருந்த கோதண்டபாணி வாளியைக் கீழே வைத்தான்.

"ரெண்டு நாளா வண்டி டயத்துக்கு வந்துச்சி மச்சான். அறுவது பொட்டலமும் வித்துப்போச்சி. எங்கேருந்து போடறது?"

சின்னக்கண்ணுவுக்குப் புரியவில்லை. வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இது உனக்குன்னு ஆக்கினது இல்ல. திரும்பி வந்தது. வண்டி லேட்டா வந்தா நீ ஏழு நிமிசத்துல மாட்டி விட்டுடற. நான் ஆறாவது பொட்டி தாண்டறதுக்குள்ள கார்டு விசில் ஊதிடறாரு. பாதிப் பொட்டலம் கூடையிலயே கிடக்குது. அதத்தான் நீ சப்புக்கொட்டித் துன்னுக்கினு இருக்கிற. எங்க வூட்ல மூணு மாசமா ராத்திரிக்கி இதான். எம் பசங்க புளிசோறுன்னா தட்ட வெச்சிட்டு எழுந்து ஓடுதுங்க."

"சாப்புடற ஆளாண்ட இன்னாத்துக்குய்யா இதெல்லாம்?" என்று காந்திமதி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"சொன்னா இன்னா? ஆடியோட லைசென்ஸ் முடியுது. இந்த வாட்டி நான் பணம் கட்டப் போறதில்ல. வானூர் பக்கம் கட்டட வேலைக்கி ஆள் கேக்கறாங்க. கடைய மூடிட்டு ரெண்டு பேரும் போய்க்கினே இருப்போம்."

காந்திமதி வெளியே வந்து, "அவரு கெடக்கறாரு. நீ சாப்புடுண்ணே. உன் வேலைய நீ பாக்கற. உம்மேல இன்னா தப்பு?" என்றாள். சோற்றை மிச்சம் வைத்துப் பழக்கமில்லாததால் சின்னக்கண்ணு முழுவதையும் சாப்பிட்டார். ஆனால் தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்று மாசமாக ஒரு குடும்பத்தின் நஷ்டத்தைப் பாராட்டிப் பாராட்டிச் சாப்பிட்டிருக்கிறோம் என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் ரெஸ்டு. பழக்கதோஷத்தில் திண்டிவனத்துக்குப் போனார். குடல் குழம்பில் குறையில்லை, அவருக்குத்தான் இறங்கவில்லை. ஆறு இட்லியோடு எழுந்துவிட்டார். கடைக்காரர், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவித்த மல்லாட்டைக் கூடையோடு ஒரு பெண்பிள்ளை வந்தாள். இரண்டு ஆழாக்கு சொன்னார். அவள் அளந்து காகிதத்தில் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்தது. பஸ் ஏற்கெனவே லேட்டு, டிரைவர் யாருக்காகவும் நிற்கிற நிலையில் இல்லை. அவள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். பொட்டலம் அவர் விரல் நுனியில் பட்டது, நழுவியது, ரோட்டில் சிதறியது. சின்னக்கண்ணு காசை எடுத்து வெளியே எறிந்தார். அது அவள் கைக்குக் கிடைத்ததோ இல்லையோ. அவள் யாரையும் திட்டவில்லை. அடுத்த பஸ் வருவதற்குள் குந்தி உட்கார்ந்து மல்லாட்டையைப் பொறுக்க ஆரம்பித்தாள். பஸ் முனை திரும்பும்வரை சின்னக்கண்ணு தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கோதண்டபாணியும் இப்படித்தான் தினமும் ஓடியிருக்கிறான். இவர் அப்போதெல்லாம் என்ஜினுக்கடியில் குனிந்திருந்தார், அதனால் பார்க்கவில்லை.

நாளை மெதுவாகச் செய்வது என்று வழியிலேயே முடிவு கட்டினார்.

மறுநாள் வண்டி நாற்பது நிமிஷம் லேட்டு. சின்னக்கண்ணு இறங்கினார். மெதுவா, மெதுவா என்று மனசு சொன்னது. பதினைந்து வருஷமாகப் பழகிய கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலே ஏறி வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆறரை நிமிஷம்! சபாஷ்!" என்று முதுகில் தட்டினார். அவர் வாழ்க்கையில் அதுதான் ரெக்கார்டு. கோதண்டபாணி பாதிக் கூடையோடு எதிரே வந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

சின்னக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. எண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியை முப்பது பொட்டலத்துக்காக நிறுத்தி வைக்க அவரால் ஆகாது. அது அவர் கையிலேயே இல்லை.

அதற்கடுத்த நாள் கேபினில் உட்கார்ந்திருந்தார். பதினொன்றே காலுக்கு டெலிபோன் அடித்தது. கேபின்காரர் விருத்தாசலம் எடுத்துக் கேட்டுவிட்டு, வழக்கம்போல், "மத்தியான வண்டி செங்கல்பட்டு விட்டாச்சி. முப்பத்தஞ்சு லேட்டு" என்றார். பதினைந்து வருஷமாகத் தினமும் இந்த வேளையில் காதில் விழுகிற பேச்சு. சின்னக்கண்ணு சட்டென்று எழுந்து நின்றார். சாயங்காலம் காந்திமதியின் கடையில் பெஞ்சில் உட்காராமலே கேட்டார்:

"தங்கச்சி, எத்தினி மணிக்கி ஒல வெக்கிற?"

"பத்தரைக்கி. ஏண்ணே?"

"பதினொன்னேகால் வரைக்கும் பொறுத்தா வண்டி லேட்டா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிடும். டயத்துக்கு வந்தா அறுவது கட்டு. லேட்டுன்னா முப்பதோட நிறுத்திக்க. மாப்ள ஆறு பொட்டியில அத வித்துடுவான். திரும்பி வராது."

காந்திமதி அடுப்பைப் பார்த்தாள். "ரெண்டு அடுப்பு எரிக்கணும். புளிச்சாந்து முன்னாலயே காச்சி வெச்சிக்கினா முடியும். ஆனா நீ டூட்டில இருப்பியே, எப்பிடி வந்து சொல்லுவ?"

கொல்லையில் நின்றால் கேபின் மாடிப்படி தெரியும். கொடி காட்டலாம், ஆனால் யார்டில் கண்ட நேரத்தில் கொடி காட்டினால் நிற்கிற வண்டி கிளம்பும், போகிற வண்டி நிற்கும், இவர் வேலை போகும். கடைசியில் துண்டு என்று ஏற்பாடாயிற்று. படிக் கம்பியில் சின்னக்கண்ணுவின் துண்டு தொங்கினால் லேட்டு. தொங்காவிட்டால் வண்டி சரியான நேரம்.

கோதண்டபாணி நம்பவில்லை. "இவரு துண்ட நம்பி நான் பொழைக்கணுமா?" என்றான். ஆனாலும் மறுநாள் முப்பது கட்டிக்கொண்டு போனான், வெறும் கூடையோடு வந்தான். ஒரு நாள் மட்டும் சொதப்பியது. கிரீஸ் பட்டதென்று சின்னக்கண்ணு துண்டைத் துவைத்து, ஞாபகமில்லாமல் அந்தக் கம்பியிலேயே காயப்போட்டுவிட்டார். வண்டி மணி அடித்த மாதிரி நேரத்துக்கு வந்து பதினைந்து நிமிஷமும் நின்றது, கோதண்டபாணியிடம் விற்க முப்பதுக்கு மேல் பொட்டலமில்லை. அன்று சாயங்காலம் அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு சின்னக்கண்ணு வேலையிடத்தில் துண்டைத் துவைத்ததே இல்லை. அவர் ரெஸ்டு நாளில் விருத்தாசலம் தன் துண்டைப் போட்டார்.

பொட்டலம் திரும்புவது நின்றது. கூடவே சாயங்காலத்துப் புளிசோறும் நின்றது. ஏழு மணிக்கு அவர் போய் உட்காருவார். குழம்பு, ரசம், மோர். அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதையே சாப்பிட்டுவிட்டுத் தெருவில் விளையாடின. நாக்கு தேடத்தான் செய்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புளிசோறு என்ற பேச்சையே எடுக்காமல் ஆடி மாசத்தை ஓட்டினார்.

ஆவணி பிறந்து ஒரு நாள், கோதண்டபாணி சட்டையில் புது வில்லை மின்னியது. "கட்டிட்டேன் மச்சான்" என்றான். சின்னக்கண்ணு அந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தார்.

காந்திமதி இலை போடாமல், கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"உனக்குன்னு தனியா கிளறினேண்ணே. இப்பத்தான் எறக்கினேன்."

நூலைப் பிரித்தார். ஆவி பறந்தது. ஒரு வாய் எடுத்து வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. புளி தனியாக நின்றது, உப்பு தனியாக நின்றது, சோறு பாட்டுக்கு வெறும் சோறாக இருந்தது. மல்லாட்டை கடக்கென்றது. ஆறு மணி நேரம் இலைக்குள் இறுகி, பிளாட்பாரத்து வெயிலில் கூடையில் கிடந்து, வீடு திரும்பினால்தான் அந்த ருசி. இனி அது இந்த வீட்டில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

பெஞ்சில் இருந்த நாலு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். காந்திமதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"எப்பிடிண்ணே கீது?"

"அதே ருசி, தங்கச்சி" என்றார் சின்னக்கண்ணு. "கொஞ்சங்கூட மாறல."

சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். கிளறியவள் காந்திமதி, அவளுக்குத் தெரியாதா? அவள் உள்ளே போய்ச் சட்டியோடு வந்தாள்.

"இன்னங் கொஞ்சம் வெக்கட்டா?"

"வை."